அக்கா வண்டியில் மஞ்சள் விளக்கு

ஞாயிறு

7:12 அக்கா: மாமா, மூன்று நாளாக டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.

7:15 மாமா: நின்று எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா?

7:15 அக்கா: நின்றுதான் எரிகிறது.

7:17 மாமா: அப்படியானால் பயமில்லை. மின்னினால்தான் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; வண்டியை உடனே ஓரங்கட்ட வேண்டும். ஸ்கேனரில் வரும் கோளாறு எண், அதாவது கோடு என்ன?

7:20 அத்தான்: என் புளூடூத் ஸ்கேனரில் பி0135 என்று வருகிறது மாமா.

7:21 சித்தி: விடிந்ததும் வண்டிப் பேச்சா? அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா?

7:21 தம்பி: வாங்கியாச்சு சித்தி.

7:26 மாமா: மாப்பிள்ளை, அது சென்சார் செத்துவிட்டது என்று சொல்லும் கோடு இல்லை. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அந்த சென்சார். அதற்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு. சுமார் 300 டிகிரி சூடானால்தான் சென்சார் வாயைத் திறக்கும். புகைச் சூட்டிலேயே அது சூடாகும், ஆனால் நேரம் பிடிக்கும். அதற்குத்தான் ஹீட்டர்.

7:29 அக்கா: அதனால்தான் பெட்ரோல் குடிக்கிறதா? ஸ்கூலுக்குப் போகிற தூரமே 2 கிலோமீட்டர்தான்.

7:31 மாமா: சரியாகப் பிடித்தாய் கண்ணு. சென்சார் சூடாவதற்குள் நீ இறங்கிவிடுகிறாய். அதுவரை கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் விடும்.

7:34 மாமா: மாப்பிள்ளை, முதலில் ஃபியூஸ் பாருங்கள். அப்புறம் எஞ்சின் ஆறியதும், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். நான்கு வயரில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், அதுதான் ஹீட்டர். மீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள்.

9:40 அத்தான்: ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. இரண்டு வெள்ளை வயருக்கும் நடுவே 6.2 ஓம்.

9:41 மாமா: ஹீட்டர் உயிரோடுதான் இருக்கிறது. 6,500 தப்பியது! இப்போது எஞ்சினை ஓடவிட்டு, வண்டிப் பக்க சாக்கெட்டில் ஹீட்டரின் பின்னுக்கும் (கம்பி முனைக்கும்) வண்டியின் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் வருகிறதா பாருங்கள்.

9:52 அத்தான்: எந்தப் பின்னிலும் வரவில்லை.

10:20 அத்தான்: (புகைப்படம்)

10:21 அத்தான்: எஞ்சினை அணைத்துவிட்டு வயரைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரி தட்டுக்குக் கீழே எலி கடித்துத் துப்பியிருக்கிறது. பக்கத்தில் பாதி தின்ற தேங்காய்ச் சில்லு வேறு.

10:22 சித்தி: புண்ணாக்கு மூட்டையை கார் ஷெட்டில் வைக்காதே என்று சொன்னேனா இல்லையா?

10:24 தம்பி: நான் வந்து ஈயம் வைக்கிறேன் அத்தான்.

10:25 மாமா: பொறு. அறுந்தது சென்சாரின் வாலா, அதாவது சென்சாரோடு வரும் வயரா, இல்லை வண்டி வயரிங்கா?

10:26 அத்தான்: வண்டி வயரிங்தான்.

10:29 மாமா: அப்படியானால் சரி. சென்சார் வாலில் மட்டும் ஈயம் வைக்கக் கூடாது. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்றை அந்த வயருக்குள் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஈயம் அதை அடைத்துவிடும். தம்பி, பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய். ஸ்லீவ் போட்டு, சைலன்சர் பைப்பில் படாமல் கட்டு.

12:55 தம்பி: முடிந்தது மாமா. கோளாறு கோடையும் அழித்தாச்சு. ஸ்கேனரில் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது.

12:57 மாமா: அப்படித்தான் ஆட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால்தான் கவலை. காலையில் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

திங்கள்

8:20 அக்கா: விளக்கு வரவில்லை மாமா! ஆனால் பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு தேங்காய்ச் சில்லு கிடக்கிறது.

8:22 சித்தி: எலிப்பொறி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஸ்கூலில் விட்டுவிட்டு அப்படியே வந்து எடுத்துக்கொண்டு போ.