நியூபோர்ட் எலிங்டன்: மேடையா, ஸ்டூடியோவா?

ஈசூன்வாசி:
அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகளில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் 1956-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த பதிவும் இருந்தது. நேற்றிரவு மழை சத்தத்தோடு கேட்டேன். சில இடங்களில் கைதட்டல் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. அப்பா இதை முழுக் கச்சேரி என்றுதான் சொல்வார். இது மேடையில் பதிந்ததா, ஸ்டூடியோவிலா? யாராவது விளக்குங்களேன்.

தெம்பனிஸ் அக்கா:
இரண்டும் கலந்ததுதான் தம்பி. ஜூலை 7 கச்சேரிக்குப் பிறகு சில பகுதிகளை ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலை ஒட்டினார்கள். ஆனால் எலிங்டன் குழுவின் பால் கோன்சால்வஸ் வாசித்த 27 சுற்று சாக்ஸபோன் மேடையில் நடந்ததேதான்! அவர் வாசித்தது இசைத்தட்டுக் கம்பெனியின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். அதனால்தான் உங்கள் தட்டில் தூரத்தில் கேட்கிறார்.

பிடோக் ரசிகன்:
1999-இல் வந்த இரட்டை சிடியைத் தேடுங்கள். வானொலி நாடாவையும் கம்பெனி நாடாவையும் சேர்த்து ஸ்டீரியோ ஆக்கியிருக்கிறார்கள். ஸ்டூடியோ பகுதிகளும் தனியே இருக்கின்றன.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, நன்றி நண்பரே. இப்போதுதான் மறுபடி போட்டேன். அந்தத் தூரத்து சாக்ஸ் வரும் இடத்தில் அப்பா எப்போதும் ஒலியைக் கூட்டுவார். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.