"என் வாட் எண்கள் உயர்ந்துவிட்டன" என்று பந்தய வீரர்கள் சொல்வதற்குப் பொருள் உண்டா?

கேள்வி | மேட்டுப்பாதை

தொழில்முறைச் சைக்கிள் பந்தயங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் ஓர் ஐயத்தைக் கேட்க விரும்புகிறேன். ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் அணிகளின் பயிற்சி முகாம்கள் நடக்கும்போதும், டூர் டி பிரான்ஸ் தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலும், வீரர்கள் பலர் ஏறக்குறைய ஒரே சொற்களில் பேட்டி கொடுக்கிறார்கள்: தங்கள் வாட் எண்கள், அதாவது மிதிக்கும் திறனின் அளவு, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எத்தனை நிமிட முயற்சிக்கான எண், எந்த உடல் எடையில், களைப்பில்லாத உடம்பிலா ஐந்து மணி நேர ஓட்டத்தின் முடிவிலா என்பதை அவர்கள் சொல்வதில்லை. பேட்டி எடுப்பவர்களும் கேட்பதில்லை.

2024 டூரின் பதினைந்தாம் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். அன்று பிளாட்டோ த பேய் மலை ஏற்றத்தில் டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கெகோர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டங்களில் ஒன்றைத் தந்ததாகக் கூறினார். ஏப்ரலில் பாஸ்க் பந்தயத்தில் விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்தவர் அவர். அவ்வளவு சிறப்பாக ஓட்டியும், அதே ஏற்றத்தில் ஸ்லோவேனிய வீரர் தடேய் பொகாச்சரிடம் 1 நிமிடம் 8 வினாடிகளை இழந்தார். அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. ஆனால் வாழ்நாளின் சிறந்த எண்ணும் தோல்வியும் ஒரே நாளில் ஒருவருக்கு வாய்க்குமென்றால், அத்தகைய அறிவிப்பிலிருந்து பார்வையாளராகிய நாம் எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

பதில் | பல்சக்கரம்

முதலில் வாட்டை அளக்கும் கருவியான பவர் மீட்டரைப் பற்றிப் பேச வேண்டும். இந்த எண்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஜெர்மனியின் உல்ரிக் ஷோபெரர் 1986இல் உருவாக்கிய எஸ்.ஆர்.எம். முதல் இன்றைய கருவிகள் வரை அடிப்படை ஒன்றே: மிதிக்கும்போது கிராங்கிலோ (பெடலைத் தாங்கும் தண்டு) பெடலிலோ ஏற்படும் மிக நுண்ணிய வளைவை உணரிகள் அளக்கின்றன, அதிலிருந்து முறுக்குவிசை கிடைக்கிறது, அதைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வாட் வருகிறது. நல்ல கருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் 1 முதல் 2 விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்று கூறுகிறார்கள். 420 வாட்டில் 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ 8 வாட். ஏற்கெனவே உச்சத்தை நெருங்கிவிட்ட ஒரு வீரருக்கு ஓராண்டுக் கடும் பயிற்சி தரக்கூடிய முன்னேற்றமும் பல நேரங்களில் அந்த அளவில்தான் இருக்கும். இதனுடன், ஓட்டத்துக்கு முன் கருவியைப் பூச்சியத்துக்குச் சரிசெய்தார்களா, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே வெப்பநிலை எவ்வளவு மாறியது, இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் கருவியா என்பவையும் சேர்ந்துகொள்கின்றன.

ஜனவரி பேட்டிகளை நான் ஐயத்தோடு கேட்பதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. உபகரண ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில்தான் மாறுகின்றன. ஒரு வீரர் புதிய அணிக்குப் போகும்போது சைக்கிளோடு பவர் மீட்டரும் மாறிவிடலாம். நவம்பரில் ஒரு கருவி காட்டிய எண்ணையும் ஜனவரியில் வேறொரு கருவி காட்டும் எண்ணையும் அருகருகே வைத்து "பத்து வாட் கூடியிருக்கிறது" என்றால், கூடியது காலின் வலிமையா கருவியின் அளவீடா என்று பிரித்தறிய வழியில்லை.

இதற்குப் பொதுவெளியில் உள்ள சிறந்த எடுத்துக்காட்டு பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம். 2015 டூரில் லா பியேர் சேன் மார்த்தான் ஏற்றத்தில் அவர் பெற்ற வெற்றிக்குப் பிறகு, பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று உடல் எடையில் கிலோவுக்கு 7.04 வாட் என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. அவருடைய ஸ்கை அணி தன் தரவை வெளியிட்டு மறுத்தது. 41 நிமிடங்களுக்கு மேல் நீடித்த அந்த ஏற்றத்தில் அவருடைய கருவி காட்டிய சராசரி 414 வாட், எடை 67.5 கிலோ, எனவே கிலோவுக்கு ஏறத்தாழ 6.1 வாட். ஆனால் அவர் பயன்படுத்திய நீள்வட்டப் பல்சக்கரத்தால் கருவி சுமார் 6 விழுக்காடு கூடுதலாகக் காட்டுகிறது என்று சொல்லி, அணி அதை 5.78 ஆகக் குறைத்துக்கொண்டது. இந்த விளக்கத்துக்கு இயற்பியல் அடிப்படை இருக்கிறது. ஒரு சுற்று முழுவதும் கிராங்க் ஒரே வேகத்தில் சுழல்வதாகக் கருதிக்கொண்டு கணக்கிடும் கருவி, நீள்வட்டச் சக்கரத்தில் மெய்யாகவே மிகைப்படுத்தும். இருந்தாலும் ஒரே மனிதர், ஒரே மலை, ஒரே நாள் என்ற நிலையில் மூன்று வெவ்வேறு எண்கள் கிடைத்தன என்பதை மறக்க முடியாது.

பதில் | கடைசி வளைவு

பல்சக்கரம் ஃப்ரூமை எடுத்துக்கொண்டதால் அவரைப் பற்றியே தொடர்கிறேன். அதே 2015 ஆகஸ்டில் அவர் லண்டனில் ஓர் ஆய்வகத்தில் சோதனைக்கு உட்பட்டார். 2007இல் சுவிட்சர்லாந்தில் எடுத்த பழைய சோதனை முடிவோடு அதுவும் அந்த ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்டது. 2007இல் அவருடைய எடை 75.6 கிலோ, நீண்ட நேரம் தாங்கக்கூடிய எல்லைத் திறன் 420 வாட். 2015இல் எடை 69.9 கிலோ, எல்லைத் திறன் 419 வாட். உச்சத் திறனோ 540இலிருந்து 525ஆகச் சற்றுக் குறைந்திருந்தது. வாட் கூடவே இல்லை. எடை குறைந்ததால் கிலோவுக்கான வாட் மட்டும் 5.6இலிருந்து 6.0ஆக உயர்ந்தது.

ஆகவே ஒரு வீரர் "எண்கள்" என்று பொதுவாகச் சொன்னால், அது வாட்டா, கிலோவுக்கான வாட்டா என்று கேட்க வேண்டும். மலையில் வெல்ல விரும்புபவருக்கு இரண்டாவதே முதன்மையானது. காற்றை எதிர்த்துச் சமவெளியில் நேரத்தோடு போட்டியிடுபவருக்கு வாட்டும் உடலமைப்பும் முதன்மையானவை. மேலும் எடை என்பது பெரும்பாலும் வீரரே சொல்லும் எண். அதில் ஒரு கிலோ பிசகினாலும், 65 கிலோ வீரருக்கு விகிதம் ஒன்றரை விழுக்காடு மாறிவிடும். உடல் எடையைக் குறைத்துப் பெற்ற முன்னேற்றத்தைத் தசையின் முன்னேற்றம் போலப் பேசுவது இளம் வீரர்களுக்குத் தீங்கான செய்தியைக் கொண்டுசேர்க்கிறது என்பதும் என் கவலை. பசியோடு பயிற்சி செய்து எலும்பு வலிமையை இழக்கும் ஆபத்து இந்த விளையாட்டில் உண்மையானது.

பதில் | எதிர்க்காற்று

வீரர் எண்ணை வெளியிடாவிட்டால் என்ன, ஏறிய நேரத்திலிருந்து கணக்கிட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடலாம் என்பதைச் செய்தே காட்டுகிறேன். 65 கிலோ வீரர், சைக்கிள், உடை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றுக்கு 8 கிலோ, 8 விழுக்காடு சரிவு, மணிக்கு 1800 மீட்டர் உயரம் ஏறும் வேகம் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் அது மணிக்கு 22.5 கிலோமீட்டர். புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 358 வாட் தேவை. டயரின் உருளல் தடைக்கு ஏறத்தாழ 18 வாட், அசையாத காற்றில் காற்றுத் தடைக்கு ஏறத்தாழ 47 வாட். சங்கிலியில் 3 விழுக்காடு இழப்பையும் சேர்த்தால் மொத்தம் 436 வாட், அதாவது கிலோவுக்கு 6.7.

இப்போது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசுகிறது என்று கொள்ளுங்கள். மரக்கிளைகூடப் பெரிதாக அசையாத காற்று அது. பின்னாலிருந்து வீசினால் அதே நேரத்தில் ஏறுவதற்குக் கிலோவுக்கு 6.3 வாட் போதும். முன்னாலிருந்து வீசினால் 7.3 வாட் வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் நேரம் ஒன்றே. மதிப்பீடோ ஒரு முழு வாட் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. மலைப்பாதை வளைந்து வளைந்து செல்வதால் இந்த விளைவு ஓரளவு ஈடாகும், ஆனால் முழுவதும் மறையாது.

பிளாட்டோ த பேயில் பொகாச்சர் 1998இல் இத்தாலிய வீரர் பந்தானி எடுத்த நேரத்தை மூன்று நிமிடங்களுக்கும் மேல் முறியடித்தார். அந்த நேர வேறுபாடு மறுக்க முடியாதது, வியக்கத்தக்கது. ஆனால் அன்று விங்கெகோரின் அணி அடிவாரத்திலிருந்தே வேகத்தைக் கூட்டியது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது விங்கெகோர் தாக்கினார். பொகாச்சர் நெடுந்தொலைவு அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வந்து, கடைசி 5 கிலோமீட்டர் அளவில்தான் தனித்துப் பிரிந்தார். முன்னால் சென்றவருக்கும் பின்னால் ஒட்டி வந்தவருக்கும் ஒரே காற்றுத் தடைக் கணக்கைப் போட்டால் இருவரில் ஒருவருடைய எண் நிச்சயம் தவறாகும்.

மேட்டுப்பாதை

மூவருக்கும் நன்றி. கருவி, எடை, காற்று ஆகிய மூன்றையும் கழித்த பிறகு இந்த அறிவிப்புகளில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதே என் கேள்வி. பயிற்சியாளர்கள் அன்றாடம் இந்த எண்களை வைத்துத்தானே வேலை செய்கிறார்கள்?

பதில் | நெடுந்தொலைவு

மிஞ்சுகிறது, பயிற்சியாளருக்கு நிறையவே மிஞ்சுகிறது. அவரிடம் இருப்பது ஒற்றை எண் அன்று. ஒரே வீரர், ஒரே கருவி, ஒரே மலை, பல ஆண்டுகளின் பதிவுகள், அவற்றோடு இதயத் துடிப்பும், உண்ட உணவின் அளவும், அதற்கு முந்தைய நாட்களின் சுமையும் இருக்கின்றன. கருவி எப்போதும் 2 விழுக்காடு கூட்டியே காட்டினாலும், எல்லா நாளும் அப்படியே காட்டுமானால் ஒப்பீடு கெடுவதில்லை. விங்கெகோர் சொன்னதை நான் நம்புவதும் அதனால்தான்: அவர் தன்னையே தன் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார். எதிராளியின் பதிவு அவரிடம் இல்லை.

அணிகள் இன்று கூர்ந்து பார்ப்பது களைப்புக்குப் பிந்தைய எண்ணை. காலையில் இருபது நிமிடம் 420 வாட் தரக்கூடிய வீரர்கள் பலர் இருக்கிறார்கள். 3000 கிலோஜூல் வேலை செய்து முடித்த பிறகும், அதாவது நான்கைந்து மணி நேரம் மலைகளில் ஓட்டிய பிறகும், அதே 420 வாட்டுக்கு அருகில் நிற்கக்கூடியவர்கள் மிகச் சிலர். மூன்று வாரப் பந்தயத்தை வெல்பவர்கள் அவர்களிலிருந்துதான் வருகிறார்கள். முகாம் பேட்டியில் வரும் எண் ஏறக்குறைய எப்போதும் முதல் வகையைச் சேர்ந்தது. பல பேட்டிகளை ஒதுக்கித்தள்ள எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண் உயர்ந்தது உண்மையாகவே இருந்தாலும், அது ஏன் உயர்ந்தது என்பதை எண் சொல்லாது. 2005இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் காயில், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை 1992 முதல் 1999 வரை ஆய்வகத்தில் அளந்த முடிவுகளை ஓர் உடலியங்கியல் இதழில் வெளியிட்டார்: தசையின் செயல்திறன் 8 விழுக்காடு உயர்ந்தது, போட்டிக் கால எடைக் குறைவையும் சேர்த்தால் கிலோவுக்கான திறன் 18 விழுக்காடு உயர்ந்தது என்றார், ஆண்டுக்கணக்கான பயிற்சியால் தசை இழைகளின் தன்மை மாறியிருக்கலாம் என்று விளக்கமும் தந்தார். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட சிலர் அளவீட்டு முறையையும் கணக்கையும் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். 2012இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டன. ஆய்வகம், மருத்துவக் கருவி, முறையான கட்டுரை எல்லாம் இருந்தும் விளக்கம் அப்படிச் சறுக்கியது என்றால், ஒலிவாங்கிக்கு முன் சொல்லப்படும் ஒரு வரியிலிருந்து நாம் காரணத்தை ஊகிக்க முற்படக் கூடாது. அதைத் தூய்மைக்கான சான்றாகவும் கொள்ளலாகாது, குற்றத்துக்கான சான்றாகவும் கொள்ளலாகாது.

பேட்டி எடுப்பவர்கள் இனியாவது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்: எத்தனை நிமிடம், எந்த எடை, எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, சென்ற ஆண்டு பயன்படுத்திய அதே பவர் மீட்டரா? நான்குக்கும் விடை சொல்லும் வீரரின் எண்ணை நான் மகிழ்ச்சியோடு குறித்துவைத்துக்கொள்வேன்.