மறு: தானியங்கி சீட் பெல்ட் – ஓடுவாரா, ஓடுபட்டையா?

அன்பு நண்பர்களே,

அமெரிக்காவில் ஓடிய பழைய கார்களின் 'automatic seat belt' பற்றிய பழுதுபார்ப்புக் குறிப்பைத் தமிழாக்கும் நண்பர், அந்தப் பெல்ட்டுக்கு 'தானியங்கி இருக்கைப் பட்டை' என்று போட்டிருக்கிறார். அகராதிப்படி சரிதான். ஆனால் படிப்பவர், இழுத்தால் வந்து, விட்டால் சுருண்டுகொள்ளும் சாதாரணப் பெல்ட்டைத்தான் நினைப்பார்.

இது வேறு சாமான். எலிசபெத் டோல் அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சராக இருந்த 1984-ல் ஒரு விதி வந்தது: காற்றுப்பை, இல்லாவிட்டால் ஆள் கைவைக்காமலே மாட்டிக்கொள்ளும் பெல்ட். 1990 மாடலுக்குள் எல்லாக் கார்களிலும் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். பெல்ட்தான் மலிவு, பல நிறுவனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. கதவை மூடிச் சாவியைத் திருப்பினால், கதவுக்கு மேலே உள்ள தண்டவாளத்தில் பெல்ட்டின் நுனி முன்னிருந்து பின்னுக்கு ஓடி வந்து தோளை அணைத்துக்கொள்ளும். இடுப்புப் பட்டையை மட்டும் நாமே மாட்ட வேண்டும். தோள்பட்டை தானாக வந்துவிட்ட நிம்மதியில் பலர் அதை மறந்தார்கள்!

1975 ஃபோக்ஸ்வேகன் ராபிட்டில் மோட்டாரே இல்லை. பெல்ட் கதவோடு பிணைந்திருந்தது. அதுவும் 'தானியங்கி' வகைதான். 1981 டொயோட்டா கிரெசிடாவில்தான் மோட்டார் வந்தது. ஆகவே 'தானியங்கி' என்றால் எது என்று தெரியாது. நமக்கு வேண்டியது ஓடுகிற வகைக்கு ஒரு பெயர்.

'தானணி வார்' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அழகுதான். ஆனால் தானாக அணிவதா, தானே அணிவதா? இரண்டும் நேரெதிர். நான் முதலில் 'ஓடுவார்' என்று எழுதி, என் வாக்கியத்தை நானே வாசித்துச் சிரித்துவிட்டேன்: "கதவைத் திறந்தால் ஓடுவார்." யார்? பட்டையைக் குறிக்கும் வார் என்ற நல்ல சொல்லை வினையோடு சேர்த்தாலே இந்தத் தொல்லை. இலங்கையில் புழங்கும் 'ஆசனப்பட்டி'யைப் பார்த்தபோதுதான் பட்டை நினைவுக்கு வந்தது. ஓடுபட்டை. வினைத்தொகை, ஆகவே ப் மிகாது. ட், ப் இரண்டையும் போட்டு 'ஓட்டுப்பட்டை' ஆக்கினால் கூரை ஓடோ வாக்குச்சீட்டோ ஆகிவிடும்.

தண்டவாளத்தில் ஊரும் துண்டை அமெரிக்காவில் சிலர் 'எலி' என்பார்கள். தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவின் பெயரை வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அதை இழுப்பதே பல் வைத்த பிளாஸ்டிக் நாடா. குழம்பும். 'நகர்கொக்கி' போதும்.

சுவிட்சை நான் சுவிட்ச் என்றே விட்டுவிட்டேன். யாழ்ப்பாண நண்பர் 'ஆளி' என்பார். மதுரைக்காரருக்கு அது விதை.

சொல் தேறுமா என்பதைப் பழுது வாக்கியத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நண்பரின் பகுதியை இப்படி மாற்றிப் பார்த்தேன்:

"ஓடுபட்டை பாதியில் நின்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். மோட்டார் சத்தமே இல்லையென்றால் ரிலேவையும் தண்டவாளத்தின் இரு முனைகளில் உள்ள சுவிட்சுகளையும் சோதியுங்கள். அழுக்கேறியிருந்தால் துடைத்தாலே ஓடக்கூடும். மோட்டார் உறுமியும் நகர்கொக்கி அசையவில்லையென்றால் பல்நாடா தேய்ந்தோ அறுந்தோ இருக்கும். மெதுவாகத் திக்கித் திக்கி ஓடினால் தண்டவாளத்தில் காய்ந்த கிரீஸை வழித்துவிட்டு சிலிகான் மசகு இடுங்கள். சரியாகும்வரை ஓடுபட்டை தோளில் பொருந்தாமல் வண்டியை எடுக்க வேண்டாம்."

'பல்நாடா' மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. யாரிடமாவது இதைவிட நல்லது இருக்கிறதா?