சர்ஃப் 3.0 டீசல்: இஜிஆர் பக்கம் புகை கசிகிறது, வால்வை மாற்றணுமா?

ரங்கூன்_சர்ஃப்:
வணக்கம். வண்டி 1கேஇசட்-டிஇ எஞ்சின் போட்ட பழைய டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பானட்டுக்குள் 'டப் டப்' என்று ஊதுகிற சத்தம். பத்து நிமிஷம் ஓடினால் முக்கால்வாசி அடங்கிவிடும். ஏசி போட்டால் உள்ளே புகை நாற்றம். இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாடு) பைப்பின் ஒரு ஃபிளாஞ்சைச் (நட்டு போட்டு இறுக்கும் தட்டையான முனை) சுற்றிக் கரி படிந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. ஒரு சயா (மெக்கானிக்) இஜிஆர் வால்வையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் இஜிஆர் வழியைத் தகடு வெட்டி அடைத்துவிடு, சின்ன வேலை என்கிறார். செகண்ட் ஹேண்ட் வால்வுக்கே நல்ல விலை சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

மோல்மீன்_ஸ்பானர்:
வால்வுக்கு இப்போதே காசு எடுத்து வைக்காதீங்க தம்பி. நீங்கள் சொல்கிற சத்தமே பாதி விடை சொல்லிவிடுகிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இஜிஆர் வால்வு மூடியே இருக்கும். அப்போது எக்ஸாஸ்ட் அழுத்தம் இருப்பது மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களின் புகை வந்து சேரும் குழாய்) வால்வு வரைக்கும் உள்ள பைப்பில் மட்டும்தான். குளிரில் டப் டப், சூடானால் குறைவு என்றால் கசிவு அந்தத் துண்டில்தான்: மேனிஃபோல்ட் பக்க கேஸ்கட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் பட்டை), பைப்பின் நெளிவான பகுதி, அல்லது வால்வின் நுழைவு ஃபிளாஞ்ச். சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுகிறது, சத்தம் அடங்குகிறது. கோளாறு போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

வால்வைத் தாண்டி இன்டேக் பக்கம் கசிந்தால் கதையே வேறு. அங்கே டர்போ அழுத்தம். ஓவர்டேக் பண்ண மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்று வெளியேறும், பிக்கப் குறையும், கறும்புகை வரும்.

டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரும் (டீசலைத் தெளிக்கும் பாகம்) தட்டும், அதோடு குழப்பிக்கொள்ளாதீங்க. கெட்ட இன்ஜெக்டரின் தட்டல் பெரும்பாலும் சூடானாலும் முழுக்க அடங்காது. ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸை ஒரு முனை காதில், மறுமுனை ஒவ்வொரு ஃபிளாஞ்சுக்கு அருகில் (ஃபேன், பெல்ட்டை விட்டு விலகி) பிடித்தால் ஊதுகிற இடம் தனியாகக் கேட்கும்.

கண்ணால் பார்க்க ஊதுபத்தி போதும். குளிர் எஞ்சினை ஐடிலில் விட்டு, பத்தியை ஃபிளாஞ்சைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். கசிகிற இடத்தில் புகை பட்டென்று ஒரு பக்கம் தள்ளப்படும். டீசல் ரிட்டர்ன் ஹோஸ் எதுவும் ஒழுகவில்லை என்று முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒருவர் சைலன்சர் முனையை ஈரச் சாக்கால் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கட்டும், கசிவு பெரிதாகிக் காட்டும். எஞ்சின் ஓடாமல் சோதிக்க வேண்டுமானால் சைலன்சர் வழியாகக் காற்று ஊதி சோப்புத் தண்ணீர் தெளிக்கலாம், 0.3 பாருக்கு மேல் வேண்டாம். ஆனால் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத்தான் கம்ப்ரசர் ஓட்ட முடிகிறது, அதனால் சாக்கே எளிது.

இன்னொன்று. சர்ஃபின் பின்கதவுக் கண்ணாடி சற்று இறங்கியிருந்தாலோ அதன் ரப்பர் போயிருந்தாலோ சைலன்சர் புகை பின்பக்கமாக உள்ளே இழுக்கப்படும். நாற்றத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், முதலில் அதை மூடிவிட்டுப் பாருங்கள். சரியாகும் வரை ஏசி போட்டு வண்டிக்குள் தூங்காதீங்க. புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு நாற்றமே கிடையாது.

பெகு_டீசல்:
அண்ணன் சொன்னதோடு வால்வையும் அங்கேயே சோதித்துவிடலாம், கழற்ற வேண்டாம். உங்கள் எஞ்சினில் அது வேக்யூமில் இயங்குவது. மேலே உள்ள சிறிய ஹோஸைக் கழற்றி, 60 மி.லி. சிரிஞ்சை ஒரு துண்டு ரப்பர் குழாயோடு மாட்டி இழுங்கள். சில விநாடி பிடித்துவிட்டு விட்டதும் தண்டு பட்டென்று உள்ளே திரும்பினால் டயாஃபிரம் (வால்வை இழுக்கும் ரப்பர் சவ்வு) நல்லது. இழுத்த இடத்திலேயே நின்றால் கிழிந்திருக்கிறது (சிரிஞ்சின் ரப்பரும் சரியாக இருக்கிறதா என்று முதலில் விரலால் அடைத்துப் பாருங்கள்). அதையே எஞ்சின் ஐடிலில் ஓடும்போது செய்தால் வண்டி தடுமாற வேண்டும், விட்டதும் சரியாக வேண்டும். இழுத்தும் மாற்றமே இல்லையென்றால் வழி கரியால் அடைத்திருக்கும். விட்ட பிறகும் தடுமாறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது.

கரி அடைப்புதான் என்றால் சுத்தம் செய்தால் போதும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள், டயாஃபிரத்தில் மட்டும் படக் கூடாது. சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். இன்டேக் வாயைத் துணியால் அடைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

தட்டோன்_தம்பி:
தகடு போட்டால் என்ன தப்பு? இங்கே பாதி வண்டி அப்படித்தானே ஓடுகிறது?

மோல்மீன்_ஸ்பானர்:
ஓடும். ஆனால் இவருடைய பிரச்சினை தீராது. பெரும்பாலும் தகட்டை வால்வு முனையில் வைக்கிறார்கள், அங்கேதான் கை எட்டும். மேனிஃபோல்ட் முனை கேஸ்கட் போயிருந்தால் பைப் முழுக்க அழுத்தம் அப்படியே இருக்கும், தகடு வைத்த பிறகும் அதே டப் டப். புகை நாற்றமும் போகாது.

சோதனைக்குத் தகடு வைப்பதென்றால் 1.5 அல்லது 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ். பீர் கேனை வெட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஏற்றத்தில் லோடோடு போகும்போது எக்ஸாஸ்ட் அந்த அளவுக்குப் போகிறது. ஓட்டை விழுந்து துண்டு இன்டேக்குக்குள் போனால் வேறு செலவு. புதிய காமன்ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் ஊசி முறை) வண்டிகளில் தகடு போட்டால் பி0401 (இஜிஆர் ஓட்டம் குறைவு) கோடு விழுந்து செக் எஞ்சின் எரியும். அவற்றில் இஜிஆர் கூலரும் இருக்கும். அது உள்ளே ஓட்டையானால் வெளியே ஒரு சொட்டு இல்லாமல் தண்ணீர் குறையும், வெள்ளைப்புகை வரும், சிலிண்டர் ஹெட் போய்விட்டது என்று தவறாக அதைக் கழற்றுவார்கள். உங்களுக்குத் தண்ணீர் குறையவில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

ரங்கூன்_சர்ஃப்:
ஊதுபத்தி காட்டிவிட்டது, மேனிஃபோல்ட் முனைதான். சிரிஞ்சின் தண்டு பட்டென்று திரும்புகிறது, டயாஃபிரம் நல்லது. பைப்பைக் கழற்றினோம். கேஸ்கட் ஒரு மூலையில் எரிந்து அதன் உள்தகடு தெரிகிறது. ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் தலையில்லாத போல்ட்) ஃபிளாஞ்சோடு ஒட்ட முறிந்திருக்கிறது. பைப்பில் வெடிப்பு இல்லை. சிலிகான் தடவி மீதி நட்டை இறுக்கினால் நிற்குமா?

பெகு_டீசல்:
நிற்காது. சிவப்பு சிலிகான் 300 டிகிரி சொச்சம்தான் தாங்கும், அங்கே அதைவிட அதிகம். ஸ்டட் இல்லாத மூலைதான் எரிந்திருக்கும், பாருங்கள். முறிந்த ஸ்டட்டை விட்டுவிட்டு எத்தனை கேஸ்கட் வைத்தாலும் அதே மூலை மறுபடி போகும்.

மோல்மீன்_ஸ்பானர்:
சரியாகச் சொன்னார். ஸ்டட்டை எடுக்கும் வழி: பேட்டரியைக் கழற்றுங்கள். முறிந்த முனைமேல் ஓர் எம்8 (8 மி.மீ. மரை) நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாக 2.5 மி.மீ. ராடால் ஸ்டட்டோடு சேர்த்து வெல்டு பண்ணச் சொல்லுங்கள். அந்தச் சூடே துருவை விடுவிக்கும். சற்று ஆறியதும் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்க வேண்டும், ஒரே மூச்சில் திருகினால் மறுபடி முறியும். வெல்டர் கிடைக்காவிட்டால் நடுவில் பஞ்ச் அடித்து 3 மி.மீ. துளையிலிருந்து பெரிதாக்குங்கள். மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்).

எடுத்த பிறகு பைப் ஃபிளாஞ்சின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தாண்டினால் கண்ணாடிமேல் எமரி பேப்பர் ஒட்டித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கேஸ்கட் புதிய எஃகு கேஸ்கட், ஸ்டட் நட் எல்லாம் புதிது, மரையில் காப்பர் கிரீஸ்.

பூட்டும்போது இரண்டு முனையையும் கையால் தளர்வாகவே பிடித்து வையுங்கள், பிறகு மேனிஃபோல்ட் முனையை மாற்றி மாற்றி இரண்டு சுற்றில் இறுக்குங்கள். எம்8-க்குச் சுமார் 20 நியூட்டன் மீட்டர், கையேட்டில் வேறு சொன்னால் அதன்படி. அடுத்து வால்வு முனை, பைப் கிளாம்ப் கடைசியில். கிளாம்பை முதலில் இறுக்கினால் பைப் முறுக்கத்திலேயே நிற்கும், நெளிவில் வெடிக்கும். கிளாம்ப் காணாமல் போன வண்டிகள் நிறைய. உங்களுடையதில் இல்லையென்றால் ஒன்று செய்து போட்டுவிடுங்கள். ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி தொட்டு இறுக்குங்கள். மறுநாள் காலை குளிர் ஸ்டார்ட்டில் ஊதுபத்தியால் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.