கீரி நிறப் பூனை: அபிசினியன் இனம்தானா? சனிக்கிழமை ஆபரேஷன், சொல்லுங்கள்

முத்துநகர்:
வணக்கம். எங்கள் பூனைக்கு எட்டு மாதம் இருக்கும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், வலைக் குவியலுக்குள் கண்ணில் பீளை கட்டிக் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து வளர்க்கிறோம். உடம்பில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒவ்வொரு முடியிலும் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வருவதால் பார்க்கக் கீரி மாதிரியே இருக்கும். அம்மா வைத்த பெயரும் கீரிதான்.

போன வாரம் தீவனம் வாங்கப் போன கடையில் படத்தைக் காட்டினேன். “இது சுத்தமான அபிசினியன். என்னிடம் ஆண் இருக்கிறது. ஜோடி சேர்த்தால் குட்டிகளைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம்” என்றார் கடைக்காரர். வரும் சனிக்கிழமை கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறோம். தம்பி இப்போது அது வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்குப் பணம் முக்கியமில்லை. ஆனால் அரிய இனத்தைத் தெரியாமல் முடித்துவிட்டோமே என்று பின்னால் வருந்தக் கூடாது. இனத்தை எப்படி உறுதி செய்வது?

வைகைக்கரை:
படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது அக்கா. சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் முதுகு முடியை விரலால் பிரித்தால், தோலை ஒட்டிய அடிப்பகுதி என்ன நிறம்? முன்னங்காலின் உள்பக்கம் பட்டை இருக்கிறதா? கழுத்தில் மாலை போட்டதுபோல் வளையம்? வாலில்?

காட்டோரம்:
அதற்கு முன் ஒன்று. கீரி நிறம், கோடில்லாத உடம்பு என்றதும் எனக்குக் காட்டுப்பூனை நினைவுக்கு வந்தது. கரும்பு வெட்டும்போது கிடைக்கும் அதன் குட்டிகளை வீட்டுப் பூனை என்று நினைத்து எடுத்துப் போய்விடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. காட்டுப்பூனைக்குக் கால் நீளம், வால் குட்டை. பின்னங்காலின் முட்டிவரைதான் வரும். காது நுனியில் கறுப்பு முடி நீட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தால் வீட்டுப் பூனையைவிட நன்றாகப் பெரிதாகும். அந்த அளவுகளையும் சொல்லுங்கள்.

முத்துநகர்:
வால் நீளம், நின்றால் தரையைத் தொடுகிறது. காது நுனியில் எதுவும் இல்லை. எடை 2.6 கிலோ. முடியைப் பிரித்துப் பார்த்தேன், அடிப்பகுதி சாம்பல் நிறம். முன்னங்காலில் நான்கு பட்டைகள், கழுத்தில் அறுந்த மாலைபோல் ஒரு வளையம், வாலில் மங்கலான வளையங்கள், வால் நுனி கறுப்பு. நெற்றியில் பல பூனைகளுக்கு இருப்பதுபோல் கோடுகள். துறைமுகத்தில் இதே நிறத்தில் இன்னும் இரண்டு பூனைகள் உண்டு என்று ஐஸ் உடைப்பவர் சொன்னார்.

காட்டோரம்:
சரி, காட்டுப்பூனை இல்லை. நிம்மதி.

வைகைக்கரை:
அந்த இரண்டு பூனைகள்தான் பதிலே. கீரி உங்கள் துறைமுகத்துப் பூனை.

இந்த நிறத்துக்கு டிக்டு டேபி என்று பெயர். அபிசினியனுக்கு மட்டும் உரிய நிறம் இல்லை. டிகேகே4 என்ற மரபணுவில் வரும் மாற்றம்தான் காரணம் என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் உடம்பு கீரி நிறமாகி, கால், கழுத்து, வாலில் பட்டை தங்கிவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீரி இரண்டாவது வகை. அபிசினியனில் காலில் பட்டையும் கழுத்தில் முழு வளையமும் குறைகளாகவே எண்ணப்படும். அதோடு, பரவலாகத் தெரிந்த ரடி (செம்பழுப்பு) நிற அபிசினியனுக்கு அடிமுடி செம்மண் நிறத்தில் இருக்க வேண்டும். உங்களுடையது சாம்பல்.

ஆனால் கடைக்காரருக்கு அபிசினியன் நினைவு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1868இல் அபிசினியப் போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் எத்தியோப்பியாவிலிருந்து (அதன் பழைய பெயர்தான் அபிசினியா) கொண்டுவந்த பூனை என்றுதான் அந்த இனத்துக்குப் பெயர் வந்தது. ஆனால் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் 1830களில் வாங்கிப் பாடம் செய்து வைத்த ஒரு பூனை இருக்கிறது. அதே கீரி நிறம். அதன் சீட்டில் எழுதியிருக்கும் ஊர் இந்தியா. மரபணு ஆய்வுகளும் எத்தியோப்பியாவை விட்டுவிட்டு இந்தியப் பெருங்கடல் கரையையும் தென்கிழக்கு ஆசியாவையும்தான் காட்டுகின்றன. கீரி அபிசினியனிலிருந்து வந்தவள் இல்லை. அபிசினியனின் முன்னோர்தான் கீரியின் முன்னோரைப் போல ஏதோ ஒரு துறைமுகத்தில் எலி பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

முத்துநகர்:
இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தம்பி மட்டும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துவிடலாமே என்கிறான்.

மருந்துப்பெட்டி:
கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். டெஸ்ட் எடுக்கலாம், கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்புவதுதான். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் இனப் பூனைகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டு, எதற்கு நெருக்கம் என்று மட்டும் சொல்வார்கள். இனம் என்பது பல தலைமுறைக்குத் தாய் தந்தை யார் என்று எழுதிவைத்த பதிவுச் சீட்டு. அது இல்லாத பூனை எந்த நிறத்தில் இருந்தாலும் வீட்டுப் பூனைதான். உலகத்தில் பெரும்பாலான பூனைகள் அப்படித்தான். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. தடுப்பூசி, குடற்புழு மருந்து, சாப்பாடு எதுவும் இனத்தால் மாறப்போவதில்லை.

ஜோடி சேர்ப்பதுதான் எனக்குக் கவலை. அபிசினியனில் பரம்பரையாக வரும் இரத்தசோகை ஒன்று உண்டு, பைருவேட் கைனேஸ் குறைபாடு. பார்வையை மெல்ல மெல்லக் கெடுக்கும் விழித்திரை நோயும் உண்டு. இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. இரத்தசோகை சாதாரண வீட்டுப் பூனைகளிலும் காணப்படுகிறது. கடைக்காரர் தன் ஆண் பூனைக்குச் சோதனை செய்த சீட்டைக் காட்டினாரா? காட்டவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். எட்டு மாதத்தில் அவளே இன்னும் வளர்கிற பிள்ளை. சுமார் 63 முதல் 65 நாள் வயிற்றில் சுமந்து, பால் கொடுத்து, பாதிக் குட்டிகளை யாரிடமோ தூக்கிக்கொடுப்பதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. சனிக்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை கதவையும் ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு வந்துவிட்டால் ஒரு இடுக்கு போதும், வெளியே போய்விடுவாள்.

முத்துநகர்:
சீட்டைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். “அதெல்லாம் எதற்கு, பார்த்தாலே தெரியுமே” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது லைடன் பூனையின் படம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக ஒன்று. வெள்ளி இரவு 10 மணிக்கு மேல் சாப்பாடு தர வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் வைக்கலாமா?

மருந்துப்பெட்டி:
பொதுவாகத் தண்ணீரைக் காலைவரை வைப்போம். ஆனால் மயக்க மருந்து கொடுக்கப்போவது உங்கள் டாக்டர், அவரிடமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கூடையில் அவள் வழக்கமாகப் படுக்கும் துணியைப் போட்டு எடுத்துப் போங்கள். முடிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள் அக்கா, காத்திருப்போம்.

முத்துநகர்:
சனி மாலை 6 மணி. வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்னும் தள்ளாடுகிறாள். அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறாள்.