தம்பி தன் வழக்கில் தானே வாதாடப் போகிறான், குறுக்கு விசாரணைக்கு உதவி வேண்டும்

வணக்கம். என் தம்பி மீது ஒரு அடிதடி வழக்கு. வக்கீல் வேண்டாம், நானே வாதாடுகிறேன் என்று உறுதியாக இருக்கிறான். எனக்குப் பயம்தான், ஆனால் அது அவன் உரிமை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் 14ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. தயாராகப் போதிய அவகாசம் தரவேண்டும் என்றும் அதில் உண்டு.

குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சரி, அது அவனுக்குப் புரிகிறது. சிக்கல் குறுக்கு விசாரணையில்தான். இரண்டு சாட்சிகள் போலீசில் சொன்ன நேரமே ஒத்துப்போகவில்லை. "ஏன்?" என்று கேட்டால் சாட்சி விளக்கம் சொல்லித் தப்பித்துவிடுவார், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும் என்று படித்தோம். ஆனால் இவன் இருக்கும் கோபத்தில் கேள்வியை விட்டுவிட்டுச் சாட்சியோடு சண்டைக்கே போய்விடுவான்.

கிரிமினல் வக்கீல்கள், தானே வாதாடியவர்கள் யாராவது சொல்லுங்கள். பழைய வாக்குமூலத்தைக் காட்டி முரண்பாட்டைப் பதிவு செய்ய வைப்பது எப்படி? பக்கத்தில் ஒரு வக்கீல் உட்கார்ந்து ஆலோசனை மட்டும் சொல்ல நீதிபதியிடம் அனுமதி கேட்கலாமா? அப்புறம், அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லாவிட்டால் அது அவனுக்கு எதிராகப் போகுமா? சாட்சி விசாரணை நெருங்கிவிட்டது.