பெருந்தொற்றில் பழங்கதை மருந்தா?

திரி: முடக்கத்தில் எங்களுக்கு மருந்து நளன் கதைதான்

லயத்துப்பேரன்:
கோவிடுக்காக மலேசியாவில் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில், தாத்தா வீட்டில் மாட்டிக்கொண்டேன். கோயில் பூட்டு. நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. மூன்றாம் நாள் தாத்தா நளன் கதையைப் பாடும் நளவெண்பாவை எடுத்து அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். எதிர் லயத்துக்காரர்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டார்) அவரவர் வாசலில் இருந்தே கேட்டார்கள். நளன் காலைச் சரியாகக் கழுவவில்லை, ஈரம் படாத இடம் பார்த்து, அவனைக் கெடுக்கக் காத்திருந்த கலி புகுந்தான் என்ற கட்டம் வந்ததும் எதிர்வீட்டுப் பாட்டி பேரனைக் குழாயடிக்கு விரட்டினார்: "கேட்டியாடா? போ, கையைக் கழுவு!"

1348 கொள்ளைநோய்க்குத் தப்பி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரை விட்டுப் போன பத்துப் பேர் பத்து நாளில் நூறு கதை சொன்னதாகப் பொக்காச்சியோ டெக்கமெரோனில் எழுதினார். தாத்தாவுக்கு அவரைத் தெரியாது. செய்தது அதேதான்.

செம்பனைக்காரர்:
தம்பி, அந்தப் பத்துப் பேரோடு ஏழு வேலையாட்கள் போனார்களே, அதை ஏன் விட்டுவிட்டாய்? ஆறாம் நாள் சமையல்கட்டில் லிச்சிஸ்கா என்ற வேலைக்காரி போடும் சண்டை மேலே வரை கேட்கிறது. கூப்பிட்டு விசாரித்துச் சிரிக்கிறார்கள், அப்புறம் வாயை மூடு என்று சமையல்கட்டுக்கே அனுப்புகிறார்கள். நூறு கதையில் ஒன்றுகூட அவள் சொன்னதில்லை. நம் ஆட்கள் அந்த ஏழில்தான் சேர்த்தி. 2021இல் சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டின. என் பக்கத்து வீட்டில் தொங்கியது பழைய தலையணை உறை. அதன் முன்னால் உட்கார்ந்து வெண்பா படிப்பாயா?

கங்காணி பேத்தி:
அண்ணே, கொடியையும் கதையையும் ஏன் மோத விடுகிறீர்கள்? வனவாசத்தில் தருமரிடம் அட்சய பாத்திரமே இருந்தது. சோற்றுக்குக் குறைவில்லை. அப்படியும் மனசு ஒடிந்து, என்னைப்போல் கெட்டு நொந்தவன் உண்டா என்று கேட்டார். பிருகதசுவ முனிவர் அதற்குத்தான் நளன் கதையைச் சொன்னார். அரிசிக் கவலை வேறு, இது வேறு.

பெரியபுராணத்திலும் பாருங்கள். கொங்கு நாட்டில், திருச்செங்கோட்டில், சம்பந்தரோடு வந்தவர்களைக் குளிர்சுரம் பிடித்தது. அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் நீங்கியது. நாங்கள் அதைத் தினமும் ஸூமில் பாடினோம்.

பால்மரம்:
நளனுக்குள் புகக் கலி பன்னிரண்டு வருஷம் காத்திருந்தானாம். எனக்குப் பதினான்கு நாள் தனிமையே தாங்கவில்லை. (சும்மா சொன்னேன், சண்டையைத் தொடருங்கள்.)

செம்பனைக்காரர்:
நாங்களும் அதே பதிகத்தைப் பாடினோம், தங்கச்சி. 2021 ஆகஸ்டில் அப்பா வார்டில் இருந்தார். உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் போனை அவர் காதருகில் பிடித்துக்கொண்டார். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் "தீண்டப்பெறா திருநீலகண்டம்" என்று முடியும். மூன்றாவது பாட்டில் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வரவில்லை. சேக்கிழார் எழுதிய கதையில் சுரம் நீங்கியது, எங்களுக்கு நீங்கவில்லை. மருந்து என்று யாராவது எழுதினால் பற்றிக்கொண்டு வருகிறது.

லயத்துப்பேரன்:
மன்னித்துவிடுங்கள் அண்ணே, தெரியாமல் எழுதிவிட்டேன். நோய் போனது என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தாத்தா தொண்டையைச் செருமினால் எதிர் லயத்தில் டிவி சத்தம் குறையும். தூங்குகிற தமயந்தியின் புடவையில் பாதியை அறுத்துக்கொண்டு நளன் காட்டில் நழுவிய ராத்திரி, பெண்கள் எல்லாரும் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பார்த்தது அதைத்தான்.

செம்பனைக்காரர்:
சரி, ஒரு ராத்திரி எண்ணிக்கையை மறந்தார்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். தலைப்பில் இருக்கும் "மருந்து" மட்டும் வேண்டாம்.

லயத்துப்பேரன்:
திருத்தப் பார்த்தேன், ஒரு நாள் தாண்டினால் தளம் விடாதாம். மட்டுறுத்துநருக்கு எழுதியிருக்கிறேன்.